பட்டம் போன நாட்டில் ஓர் இளவரசி

ஜெர்மனியில் 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பிரபுகுலத்தின் சலுகைகளை ஒழித்துவிட்டது. பழைய பட்டங்கள் இப்போது வெறும் பெயரின் பகுதிதான். அப்படியிருந்தும், கத்தோலிக்கத் திருச்சபை பற்றியோ குடும்பம் பற்றியோ விவாதம் வந்தால் ரேகன்ஸ்பர்க் நகரத்து 'இளவரசி' குளோரியாவின் பேச்சு செய்தியாகிவிடுகிறது. ஏன்?

அவர் கணவர் வீடான தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பம், நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் பல பகுதிகளில் தபாலை நடத்தியது. ரேகன்ஸ்பர்க் இருக்கும் பவேரியாவில் அந்த உரிமை பறிபோனதற்கு ஈடாக 1812இல் கிடைத்ததே புனித எம்மெராம் மடம். அதுதான் இன்றைய அரண்மனை. மடத்துக் கோயில் அதன் சுவரை ஒட்டியே நிற்கிறது. 1980இல் தன்னைவிட 34 வயது மூத்த யோகன்னஸை மணந்த குளோரியா, விதவிதமாகத் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு விருந்துகளில் வலம்வந்தவர். பத்திரிகைகள் 'டிஎன்டி இளவரசி' என்று வெடிமருந்தின் பெயரையே சூட்டின. 1990இல் கணவர் இறந்தார். தலைக்கு மேல் கடன். நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் ஏலத்துக்கு அனுப்பிச் சொத்தை மீட்டார். பிறகு அவர் பேச்சில் பழைய இலத்தீன் திருப்பலியும் பாரம்பரியக் குடும்பமும் முன்னுக்கு வந்தன.

பணத்தால் திருச்சபையை வளைக்கிறார் என்று சொல்லிவிடுவது எளிது. ஜெர்மனியில் அது பொருந்தாது. அங்கே திருச்சபை வரியைப் பெரும்பாலும் அரசே வசூலித்துத் தருகிறது: பவேரியாவில் வருமான வரித்தொகையில் 8 சதவீதம். ஆயர்கள் புரவலர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. குளோரியாவின் பலம் வேறு: பெயர், அரண்மனை, அறிமுகங்கள். பிற்காலத்தில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டான ராட்சிங்கர், 1969 முதல் 1977 வரை ரேகன்ஸ்பர்க்கில்தான் பேராசிரியர். 2002 முதல் 2012 வரை இங்கே ஆயராக இருந்த முல்லர், பின்னாளில் கர்தினாலாகி, திருத்தந்தை பிரான்சிஸை வெளிப்படையாக விமர்சித்தவர். இருவரோடும் குளோரியாவுக்கு நல்ல பழக்கம். கர்தினால் மைஸ்னரோடு உரையாடி 2008இல் ஒரு நூலே வெளியிட்டார். சாதாரண விசுவாசி எழுதும் கடிதம் ஆயரக மேசையில் காத்துக்கிடக்கும். இவர் ஆயர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுபவர்.

குடும்ப விவகாரத்தில் இந்தப் பெயர் எல்லை தாண்டியும் செல்லுபடியாகிறது. கருக்கலைப்பையும் ஒருபால் திருமணத்தையும் எதிர்க்கும் உலகக் குடும்ப மாநாடு 2019 மார்ச்சில் இத்தாலியின் வெரோனாவில் கூடியபோது இவரும் பேசினார். துணைப் பிரதமர் சல்வீனியும் மேடையேறினார். வெளியே பெரும் எதிர்ப்பு ஊர்வலம். வத்திக்கான் அரசுச் செயலர் கர்தினால் பரோலின் நழுவலாகவே பேசினார்: சாரத்தில் உடன்பாடு உண்டு, நடத்தும் விதத்தில் வேறுபாடு உண்டு என்று.

உள்நாட்டில் கதை வேறு. ஒருபால் திருமணம் 2017 அக்டோபரிலேயே சட்டப்படி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜெர்மன் திருச்சபை 2019இல் தொடங்கிய 'சினோடல் பாதை' என்ற சீர்திருத்த முயற்சியையும் குளோரியா எதிர்த்தார். 2023 மார்ச்சில் பிராங்க்பர்ட்டில் கூடிய அதன் பேரவை, ஒருபால் இணையருக்கு ஆசி வழங்கலாம் என்று பெரும்பான்மையுடன் முடிவெடுத்தது. அங்கே வாக்களித்தவர்கள் பெரும்பாலும் ஆயர்களும் பொதுநிலையினரின் பிரதிநிதிகளும். அரண்மனைக்கென்று தனி ஓட்டு ஏதும் இல்லை.