ஜப்பானியரின் பணக்கணக்கு

கணக்கேட்டில் ஒரு பூஜ்யம் இடம் மாறினால் என்ன நேரும் என்பதை நம் சங்க உறுப்பினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அயல்நாட்டாரோடு விலை பேசுங்காலும் அவ்வெச்சரிக்கை தேவை. ஜப்பானியரிடம் கொள்வினை கொடுப்பினை செய்ய விரும்புவோர் அம்மொழி முழுவதையும் கற்க வேண்டுமென்பதில்லை. பணத்தைக் குறிக்கும் சில சொற்களையும், அவர்கள் எண்ணும் முறையையும் அறிந்து கொண்டால் பெரும்பாலான மயக்கங்கள் நீங்கும்.

பணத்திற்கு அவர்கள் வழங்கும் சொல் ‘ஒக்கனே’. ‘இக்குரா தெஸ்கா?’ என்றால் ‘விலை என்ன?’ என்று பொருள். நோட்டு ‘சத்ஸு’, மீதிச் சில்லறை ‘ஒத்ஸுரி’. உலகத்தார் ‘யென்’ என்று கூறும் நாணயத்தை அவர்கள் ‘என்’ என்றே ஒலிப்பர். வட்டம் என்பது அச்சொல்லின் பொருள். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாணயம் நிலைபெற்றது. யென்னின் நூற்றில் ஒரு பங்கு ‘சென்’ எனப்பட்டது. அச்சிறு காசுகள் 1953-ஆம் ஆண்டின் இறுதியோடு செல்லாதவையாயின. கடைவீதியில் இன்று ‘சென்’ என்று கேட்டால் ஆயிரம் என்றே கொள்க.

ஒன்று முதல் பத்து வரை எண்கள் வருமாறு: இச்சி, நி, சன், யோன், கோ, ரொக்கு, நானா, ஹச்சி, க்யூ, ஜூ. நூறு ‘ஹ்யக்கு’. இதுவரை இடர்ப்பாடில்லை, அது பதினாயிரத்தில் தொடங்குகிறது. நாம் பத்தையும் ஆயிரத்தையும் கூட்டிச் சொல்வதை அவர்கள் ‘மன்’ என்னும் தனிச் சொல்லால் குறிப்பர். ஆகவே நம் ஓர் இலட்சம் அவர்களுக்கு ‘ஜூ மன்’, அதாவது பத்து மன். பத்து இலட்சம் ‘ஹ்யக்கு மன்’. ஒரு கோடி ஆயிரம் மன். பத்துக் கோடிக்கு ‘ஒக்கு’ என்னும் வேறு சொல் உண்டு.

எழுதுங்கால் அவர்கள் மும்மூன்று இலக்கங்களுக்கு ஒரு காற்புள்ளி இடுவர். படிக்குங்காலோ நந்நான்காகப் பிரிப்பர். மயக்கம் பிறப்பது இங்கேதான். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. வலப்புறத்து நான்கு இலக்கங்களை விரலால் மறைத்து, எஞ்சியதைப் படித்து, ‘மன்’ என்று சேர்த்துக் கொள்க. விலைச்சீட்டில் 350,000 யென் என்றிருப்பின் எஞ்சுவது 35. அதனை ‘சன்ஜூ கோ மன்’ என்பர். நம் கணக்கில் அது மூன்றரை இலட்சம். ‘மன்’ என்பதை ஆயிரமென்று கருதி எழுதினால் 35,000 ஆகிவிடும். சரக்கை விற்பவருக்குப் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று! ஆதலின் வாய்மொழியோடு நின்றுவிடாது, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிப் பெறுதலே முறையாகும்.

ஜப்பானியரின் ஐந்து யென் காசில் நெற்கதிரும், நீரும், பற்சக்கரமும் பொறிக்கப்பட்டுள்ளன. அவை உழவையும், மீன்பிடிப்பையும், ஆலைத் தொழிலையும் குறிப்பன. ‘கோ என்’ என்னும் அக்காசின் பெயர், உறவைக் குறிக்கும் மற்றொரு சொல்லைப் போன்றே ஒலிப்பதால், மக்கள் அதனைக் கோயில்களில் விரும்பிக் காணிக்கை இடுகின்றனர். வணிகத்தில் உறவு நிலைபெற வேண்டுமாயின், கணக்கு முதலில் செம்மையாதல் வேண்டும்.