பாக்கெட் எங்கே தொலைகிறது?

டெல்டா நெல்லுக்குச் சொல்லப்படும் நீர்ச் சிக்கன முறை ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. வயலில் துளைக்குழாய் ஒன்றைப் புதைத்து, அதில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி தண்ணீர் வைப்பார்கள். குத்தாலத்து வயலொன்றில் குழாயை எட்டிப் பார்க்கும் வேலையைச் சென்சாரிடம் விட்டால், அது நீர்மட்டத்தை ரேடியோ அலையில் சிறு சிறு பாக்கெட்டுகளாக அனுப்பும். பாக்கெட் தொலைந்தால், மோட்டார் போடும் நேரம் தெரியாது.

தூரத்துச் சென்சாரின் பாக்கெட் மற்ற சென்சார்கள் வழியே கைமாறி வருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நூற்றுக்குப் பத்து தொலைந்தால், நான்கு தாண்டிச் சேருவது ஏறத்தாழ 66. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரும் கதைதான்.

எத்தனை தொலைந்தன என்பதைவிட, எவை, எப்போது தொலைந்தன என்பதே துப்பு. அதற்காகப் பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் இட்டு, வந்த ஒவ்வொன்றின் சிக்னல் வலுவையும் குறித்துவைக்க வேண்டும்.

நடவின்போது ஒழுங்காக வந்தவை பயிர் வளர வளரக் குறைகின்றனவா? சிக்னலும் மங்குகிறதா? இலையில் உள்ள நீர் அலையை விழுங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 200 மீட்டர் இடைவெளிக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 2.5 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிச் செல்கிறது. அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்க வேண்டும். ஆன்டெனாவை உயர்த்துவதே மருந்து. இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இலைகளை இன்னும் எளிதாகக் கடக்கும்.

சிக்னல் வலுவாக இருந்தும் தொலைகிறதா? எல்லாச் சென்சார்களும் ஒரே நொடியில் விழித்துப் பேசினால் பாக்கெட்டுகள் மோதிக்கொள்ளும். அனுப்பும் நேரத்தைச் சற்றே கலைத்துப் போட்டால் போதும்.

வரிசை எண் திடீரென்று பூஜ்யத்துக்குத் திரும்பினால் சென்சார் அணைந்து எழுந்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் சோலார் பலகைக்கு வெயில் கிடைக்காது. முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

2005-இல் நெதர்லாந்தின் உருளைக்கிழங்கு வயலொன்றில் அமைத்த சென்சார் வலையில், எதிர்பார்த்த செய்திகளில் 2 சதவீதமே வந்துசேர்ந்தன. இலையைவிட மென்பொருள் கோளாறுகளே அங்கே பெரிய காரணம். துப்பு பார்க்காமல் சிக்னல் பவரை மட்டும் கூட்டினால் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

நட்ட வயலில் நன்றாக ஓடுகிறது என்று திருப்திப்பட வேண்டாம். கதிர் வெளிவரும் பருவத்தில் ஒருமுறை, அடைமழையில் ஒருமுறை சோதித்த பிறகே மோட்டார் சுவிட்சை இந்த வலையிடம் ஒப்படைக்கலாம்.