கோப்பும் ஓர் அமானிதமே

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அணையைப் பேணுவது அரசு. நீரைப் பயிருக்குப் பாய்ச்சும் உரிமை ஆயக்கட்டு உழவர்களுக்கு. கரைவழிச் செல்வோர்க்குக் கண்டு மகிழும் உரிமை. கணினிக் கோப்புகளிலும் உரிமை இவ்வாறே மூவகைப்படும்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அவ்வழியில் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உடைமையாளரும் ஒரு குழுவும் உண்டு, ஏனையோர் மூன்றாமவர். 'எல்எஸ் -எல்' என்னும் கட்டளை உடைமையாளர், குழு ஆகிய இரு பெயர்களையும் காட்டும்.

நம் மலருக்கெனத் தட்டச்சு செய்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின், அவர் பெயரிலிருந்த கட்டுரைகளைத் திருத்த நம்மால் இயலவில்லை. அவசரத்தில் அனைவர்க்கும் எழுதும் உரிமையைத் திறந்துவிட்டோம். மறுநாள் ஒரு கட்டுரையின் பாதியைக் காணோம்! அழித்தவர் யாரென்றும் அறியக்கூடவில்லை.

முறையான வழி வேறு. 'சி-எச்-ஓ-டபிள்யூ-என்' என்னும் கட்டளை உடைமையாளரை மாற்றும்; 'சி-எச்-ஜி-ஆர்-பி' குழுவை மாற்றும். பெரிய எழுத்து 'ஆர்' குறியைச் சேர்த்தால் கோப்புறை முழுவதும் மாறும். ஆதலின் நிற்கும் இடத்தைச் சரிபார்த்த பின்னரே இதனை இடவேண்டும்.

லினக்ஸில் உடைமையாளரை மாற்றும் அதிகாரம் 'ரூட்' எனும் நிர்வாகிக்கே உரியது. இல்லையேல், ஒருவர் தம் கோப்புகளின் சுமையைப் பிறர் கணக்கில் ஏற்றிவிடக்கூடும். உடைமையாளரோ, தாம் உறுப்பினராயுள்ள குழுவுக்கு மட்டும் தம் கோப்பை மாற்றலாம்.

குழுவை மாற்றுவது மட்டும் போதாது. 'சி-எச்-எம்-ஓ-டி' கட்டளையுடன் 'ஜி+டபிள்யூ' என்று இட்டாலே குழுவினர் எழுத இயலும். கோப்புறைக்கு 'ஜி+எஸ்' இட்டால், பின்னர் அதில் உருவாகும் கோப்புகளும் அக்குழுவையே சேரும். புதிதாகச் சேர்க்கப்பட்ட உறுப்பினர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் உரிமை நடைமுறைக்கு வரும்.

இவ்வழியே ஆசிரியர் ஒருவரை உடைமையாளராக்கி, மலர்க்குழுவினர்க்கு எழுதும் உரிமை வழங்கினோம். ஏனையோர்க்கு வாசிக்கும் உரிமை மட்டும். ஆண்டுதோறும் மாணவர் மாறினும் பணி தடைப்படவில்லை.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருமறை பணிக்கின்றது. கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவச் செல்வங்கள் நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தருவதுபோல் கோப்புகளின் உடைமையையும் ஒப்படைத்துச் செல்வார்களாக!