கொல்லையில் முளைத்த பெயர் தெரியாத செடி

மழைக்குப் பின்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், கூடத்தில் தறியும் பின்புறம் கிணறும் கொல்லையுமாக நீண்டிருக்கும் பழைய வீடுகளில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களுக்குள் எவரும் நடாத செடிகொடிகள் தலைகாட்டுகின்றன. பறவை எச்சத்தில் வந்த விதை, எருவோடு வந்த விதை, கோடை முழுதும் மண்ணுக்குள் உறங்கிய கிழங்கு என அவற்றின் வரவுக்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் கீரையாகவும் மூலிகையாகவும் கொள்ளத்தக்கவை இருப்பதாலேயே, பெயர் தெரியாத செடியையும் கிள்ளி வாயிலிட்டுப் பார்க்கும் பழக்கம் நீடிக்கிறது. செடியை அறியும் வழிகளுள் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

செங்காந்தள் கிழங்கு

கண்வலிக்கிழங்கு என்றும் கார்த்திகைப்பூ என்றும் வழங்கும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்து ஏறுவதாலும், நெளிந்த ஆறு இதழ்கள் அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாகப் பின்னோக்கி வளைந்து நிற்பதாலும், பூத்திருக்கும்போது இதை வேறொன்றாகக் கருத இடமில்லை. இடர் கோடையில்தான் வருகிறது: அப்போது கொடி பட்டுப்போய், கலப்பை போல் வளைந்த கிழங்கு மட்டும் மண்ணில் தங்குவதால், பாத்தி கொத்துபவருக்கு அது உண்ணத்தக்க கிழங்காகவே தோன்றக்கூடும். இலங்கையில் இதைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என எண்ணி உண்டு நஞ்சுற்றவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

இக்கிழங்கிலுள்ள கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் உயிரணுக்கள் பிளந்து பெருகுவதைத் தடுப்பதால், ஓயாது புதுப்பிக்கப்படும் குடலின் உட்சுவரும், இரத்த அணுக்களை ஆக்கும் எலும்பு மஞ்சையும், மயிர்க்கால்களும் முதலில் தாக்குண்கின்றன. பெரும்பாலும் 2 முதல் 12 மணி நேரத்துக்குள் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இதயம் முதலிய உறுப்புகள் செயலிழக்கக்கூடும். பிழைத்தவர்க்கு ஓரிரு வாரங்களில் முடி கொட்டுவது உண்டு. வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. கீல்வாதத்தின் ஒரு வகைக்கு இதே பொருள் மாத்திரையாகத் தரப்படுகிறதே என்பது கிழங்கை உண்பதற்குச் சான்றாகாது. மாத்திரையில் அளவு உண்டு, கிழங்கில் இல்லை. மாநில மலர் என்று பிள்ளைகளுக்குப் படம் காட்டும்போதே கிழங்கின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

வழிபாட்டோடு வருபவை

விநாயகர் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கப்படும் குன்றிமணி, அப்ரின் என்னும் கடும் நஞ்சைக் கொண்டது. தடித்த தோல் உடையாமல் முழுதாக விழுங்கப்பட்ட விதை பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். மென்றாலோ, மணியாகக் கோக்கத் துளையிட்டிருந்தாலோ நிலைமை வேறு. புளிய இலையை நினைவூட்டும் சிற்றிலைகளோடு கொல்லையில் ஏறும் கொடியில், கறுப்புப் பொட்டிட்ட சிவப்பு விதைகள் வெடித்த காய்களில் தென்பட்டால், குழந்தைகள் எட்டாதவாறு உடனே அகற்ற வேண்டும். கோயில் நந்தவனத்து அரளியும் இத்தகையதே. அதன் எல்லாப் பாகங்களும் இதயத் துடிப்பைக் குலைக்கும்.

பெயர் அறிதல்

இலையை மட்டும் படமெடுத்துக் கைப்பேசிச் செயலியிடம் கேட்டுப் பெறும் பெயர் ஊகமே. அதை நம்பி எதையும் உண்ணலாகாது. இலைகள் எதிரெதிராக அமைந்தனவா, மாறி மாறி அமைந்தனவா, கிள்ளினால் பால் வடிகிறதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, பூவும் காயும் வரும்வரை காத்திருப்பதே முறை. பூவும் காயும் கொண்ட கிளையைச் செய்தித்தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். செடிகளை இவ்வாறே உலர்த்திப் பெயரிட்டுக் காக்கும் பெருந்தொகுப்பு, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் பெயரில் உள்ளது.

உட்கொண்டுவிட்டால்

உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தியெடுக்க வைக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; அறிகுறி தோன்றாதது நலத்தின் அடையாளம் அன்று. உண்டது போக எஞ்சிய கிழங்கையோ விதையையோ, முடிந்தால் இலை பூவோடு, உறையிலிட்டு உடன் கொண்டு செல்வது மருத்துவர் நஞ்சை அடையாளம் காண உதவும்.