வெள்ளைக் கருவின் காவலர்கள்

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பையன்களும் முட்டைகளை டம்ளரில் உடைத்து ஊற்றி ஒரே மூச்சில் குடிக்கிறார்கள். வேகவைத்தால் சத்து போய்விடும் என்ற நம்பிக்கைதான் காரணம். புரதத்தைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு.

1998இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். இதை அளப்பது லேசான காரியம் இல்லை. செரிக்காத புரதம் பெருங்குடலை எட்டியதும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மலத்தைச் சோதித்தால் கணக்கு தப்பிவிடும். ஆகவே, அறுவை சிகிச்சையால் சிறுகுடலின் முனை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே திறந்துவிடப்பட்ட ஐந்து பேர் இதற்கு உதவினார்கள். அவர்கள் சாப்பிட்ட முட்டையின் புரதத்தில் சற்றே கனமான அணுக்கள் அடையாளமாகச் சேர்க்கப்பட்டிருந்தன. குடலே சுரக்கும் புரதம் எது, முட்டையிலிருந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்ல அது வழி செய்தது. வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்திருந்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. பச்சையாகக் குடித்தால் அதில் பாதி வீண்.

ஏன் இப்படி? கோழி முட்டையிடுவது நமக்காக இல்லையே. குஞ்சு பொரிய 21 நாள் ஆகும். அத்தனை நாளும் சூட்டில், ஈரத்தில், சத்து நிறைந்த அந்த ஓட்டுக்குள் கிருமி பெருகாமல் இருக்க வேண்டும். அந்தக் காவல் வேலையைப் பார்ப்பது வெள்ளைக் கரு. அதில் இருக்கும் லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை அறுக்கிறது. ஓவோடிரான்ஸ்ஃபெரின் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. ஓவோமியூகாய்டு புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியையே முடக்குகிறது. நம் குடலில் புரதத்தைச் செரிப்பதிலும் டிரிப்சினுக்குப் பங்கு உண்டு. குஞ்சைக் காக்க வந்த இப்படிப்பட்ட பூட்டுகள் நம் செரிமானத்துக்கும் ஓரளவு தடையாகலாம்.

இந்தக் காவலர்களில் என்னை மிகவும் வியக்க வைப்பது அவிடின். வெள்ளைக் கருவின் புரதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் பயோட்டின் என்ற பி வைட்டமினை அது பிடிக்கும் பிடி, இயற்கையில் ஒரு புரதம் வேறொரு மூலக்கூறைப் பிடிக்கும் பிடிகளில் நாம் அறிந்த மிக வலுவானவற்றில் ஒன்று. 1927இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் மார்கரெட் போவாஸ், எலிகளுக்கு வேகவைக்காமல் உலர்த்திய வெள்ளைக் கருவையே புரதமாகக் கொடுத்து வளர்த்தார். அவற்றின் தோல் புண்ணாகி, முடி கொட்டியது. அவிடினின் பிடியில் சிக்கிய பயோட்டின் உடலில் சேராததே காரணம் என்பது 1940 வாக்கில் தெளிவானது. எப்போதோ ஒரு பச்சை முட்டை குடிப்பவருக்கு இந்தக் கேடு வராது. மாதக்கணக்கில், தினமும் பல முட்டை என்றால் கவனிக்க வேண்டியதுதான்.

தீ என்ன செய்கிறது? சூடான தோசைக்கல்லில் முட்டையை உடைத்து ஊற்றிப் பாருங்கள். கண்ணாடிபோல் இருந்தது ஓரத்திலிருந்து வெளுத்து உள்நோக்கி வரும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், இறுகச் சுற்றிய நூல்கண்டாக இருந்த புரதங்கள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்குகின்றன. உள்ளே மறைந்திருந்த இடங்களெல்லாம் செரிமான நொதிக்கு எட்டும்படி ஆகின்றன. அவிடினும் உருக்குலைந்து பிடியை விடுகிறது. அதற்கு 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஓவோமியூகாய்டு மட்டும் சூட்டை நன்றாகவே தாங்கும். முட்டை ஒவ்வாமை உள்ள சில குழந்தைகளுக்கு வெந்த முட்டையும் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வேகவைப்பதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபோலேட் போன்ற சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். பாதிப் புரதத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை.

அப்படியானால் ஆஃப்பாயில்? வெள்ளை முழுதும் இறுகியிருந்தால் செரிமானத்துக்குப் பெரிய குறையில்லை. அவிடின் இருப்பதும் வெள்ளையில்தான்; அது முழுதும் உருக்குலையத்தான் இன்னும் கூடுதல் சூடு வேண்டும். மஞ்சள் கரு ஓடுவதில் இருக்கும் கவலை வேறு. சால்மொனெல்லா கிருமி சில சமயம் ஓடு உருவாகும் முன்பே, கோழியின் வயிற்றுக்குள்ளேயே முட்டைக்குள் புகுந்துவிடும். ஓட்டை எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள்.