தாகமும் பசியும்: வறட்சியில் கோதுமை

மண்ணில் ஈரம் வற்றத் தொடங்கியதும் கோதுமைப் பயிர் செய்யும் முதற்காரியம், தன் இலைகளிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்வதாகும். அப்சிசிக் அமிலம் என்ற ரசாயன வஸ்து பயிருக்குள் பெருகி, அத்துளைகளைக் காக்கும் உயிரணுக்களைத் தளரச் செய்ய, ஆவியாகிக் கழியும் ஜலம் தடைப்படுகிறது. ஆனால் எந்த வாயிலின் வழியே நீர் வெளியேறுகிறதோ அதன் வழியேதான் கரியமிலவாயுவும் உள்ளே வரவேண்டுமாதலால், தாகத்தை அடக்கும் பயிர் பசியை வரவழைத்துக்கொள்கிறது. வறட்சியைத் தாங்கும் கோதுமையைத் தேடியவர்களை நெடுங்காலம் வருத்திய தர்மசங்கடம் இதுவே.

இச்சங்கடத்தில் சிக்காமல், வறட்சியை முந்திக்கொண்டு விளைந்துவிடுவது ஒரு யுக்தி. பிற்பாடு கான்பரா நகரம் எழுந்த இடத்துக்கு அருகே, முரம்பிட்ஜி நதிக்கரையில் பண்ணை வைத்திருந்த வில்லியம் ஃபாரர், எட்டாவா என்ற நம் தேசத்துக் கோதுமையின் வம்சத்தையும் கலந்து உருவாக்கி 1901-இல் அளித்த 'ஃபெடரேஷன்' ரகம், சீக்கிரம் முதிர்ந்துவிடும் குணத்தினாலேயே ஆஸ்திரேலியாவின் வறண்ட சீமைகளில் பரவியது. முந்த முடியாமற்போனாலும் பயிர் கைவிடுவதில்லை; பூப்பதற்கு முன் தாளில் சேர்த்து வைத்த சர்க்கரையைக் கரைத்துக் கதிருக்கு அனுப்பி, இலைகள் காய்ந்த பின்னும் மணிகளைப் பால் பிடிக்க வைக்கிறது.

எனக்கு எல்லாவற்றினும் வியப்பூட்டுவது, சிக்கனமான பயிரைக் கண்டுபிடித்த வழிதான். காற்றிலுள்ள கரியில் நூற்றுக்கு ஒரு பங்களவே கலந்திருக்கும், சற்றே கனமான கரி-13 என்ற அணுவைக் கோதுமை இயல்பாக ஒதுக்கிவிடும். துளைகளைக் குறுக்கி, உள்ளிருக்கும் சொற்ப வாயுவையும் வீணாக்காமல் பயன்படுத்தும் பயிரோ அவ்வளவாக ஒதுக்காது. ஆகவே அந்த அணு மிகுந்திருக்கும் இலைக்குரிய பயிரே நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது என்று கிரஹாம் ஃபார்குவார், ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸ் ஆகிய விஞ்ஞானிகள் இருவரும் 1984-இல் நிரூபித்தார்கள். அச்சோதனையைக் கொண்டு தெரிந்தெடுத்த 'டிரைஸ்டேல்' ரகம் விவசாயிகளின் கையை எட்டியது 2002-இல். இடையே பதினெட்டு ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்திருக்கிறார்கள்.

மழை தாராளமாகப் பெய்யும் வருஷத்தில் இச்சிக்கனத்தால் விசேஷ லாபமில்லை. வளர்ச்சி சற்றுப் பின்தங்கவும் கூடும். கோடை மழையை மண்ணில் தேக்கி வைத்து, பெரும்பாலும் அந்த ஈரத்தைக் கொண்டே குளிர்காலப் பயிரை வளர்க்கும் வட நியூ சவுத் வேல்ஸ் போன்ற பிரதேசங்களில்தான், இளம்பருவத்தில் மிச்சம்பிடித்த ஈரம் பால் பிடிக்கும் நாட்களில் வேருக்குக் கிடைத்து, மணியாகத் திரள்கிறது.