தாழ்மை யாருடைய கடமை? தலித் கிறிஸ்தவர்களின் ஊழியமும் உரிமையும்

பெரிய வியாழன் மாலை வழிபாட்டில் பங்குத்தந்தை தம் மேலுடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசையாக அமர்ந்திருக்கும் பன்னிருவரின் கால்களைக் கழுவித் துடைப்பார். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் சொல்லும் நிகழ்வின் நினைவுச் சடங்கு அது. அக்காலத்தில் தெருப்புழுதி படிந்த கால்களைக் கழுவுவது வீட்டு அடிமையின் வேலை. அந்த வேலையை ஆசான் எடுத்துச் செய்கிறார், சீடர்கள் கூச்சப்படுகிறார்கள். கிறிஸ்தவ ஊழியம் என்பதன் முழுப் பொருளும் அந்தக் காட்சியில் இருப்பதாகத் திருச்சபைகள் கற்பிக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், முதியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கிராமப் பங்கின் உபதேசியார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று செபிப்பவர்; பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர்; குருவானவர் வராத ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்துபவர். அவர் தெருவிலிருந்து எவரும் அந்தப் பன்னிருவரில் ஒருவராக அமர்ந்ததில்லை. அந்த ஆண்டு முதன்முறையாக அவர் பெயர் பட்டியலில் இருந்தது. முந்தைய நாள் இரவு நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, தண்ணீர்ச் செம்பை ஏந்தி நிற்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. ஏந்தி நின்றார்.

"வழக்குப் போட வரலை, வக்கீலம்மா" என்றார். "ஊழியக்காரன்னா மனத்தாழ்மை வேணும்னு சாமியார் சொன்னாரு. சரின்னு செம்பைப் பிடிச்சேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. நான் செஞ்சது தாழ்மையா, எனக்கு நடந்தது அவமானமா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் இசைவோடு, அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். அன்று அவருக்கு முழுமையாகச் சொல்ல முடியாமற்போன விடையே இக்கட்டுரை.

இரண்டு வினைச்சொற்கள்

தமிழில் 'தாழ்த்திக்கொள்ளுதல்' ஒரு சொல். 'தாழ்த்தப்படுதல்' வேறொரு சொல். முன்னதில் செயலைச் செய்பவரும் அதை ஏற்பவரும் ஒருவரே. பின்னதில் செய்பவர் வேறு, சுமப்பவர் வேறு. கிறிஸ்தவ அறநெறி போற்றுவது முதலாவதை. சாதிய சமூகம் நிகழ்த்துவது இரண்டாவதை. நம் மக்களைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல்லிலேயே செய்வினையாளர் ஒருவர் மறைந்து நிற்கிறார்.

கால் கழுவும் நிகழ்வில் குனிபவர் அதிகாரம் உடையவர். ஆசான் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கப்படுபவர் குனிவதாலேயே அது தாழ்மை ஆகிறது. அதே வேலையை வீட்டு அடிமை செய்திருந்தால் எந்த நற்செய்தியாளரும் அதைக் குறித்து வைத்திருக்கமாட்டார். ஏற்கெனவே தரையில் அமர்த்தப்பட்டவரைப் பார்த்து 'இன்னும் குனி' என்று சொல்வது அந்த நிகழ்வைத் தலைகீழாக்குவது ஆகும்.

தலித் இறையியலின் முன்னோடிகளுள் ஒருவரான அரவிந்த் நிர்மல் இதைத் தெளிவாக வாதிட்டார். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் வளரத் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. பின்னர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியிலும் அவர் பணியாற்றினார். இழிவென்று ஒதுக்கப்படும் வேலையைச் செய்யப் பிறரைப் படைத்து ஏவும் கடவுள் தலித்துகளின் கடவுள் அல்லர். அவ்வேலையைத் தாமே செய்யும் கடவுளே அவர்களின் கடவுள் என்பது அவர் வாதத்தின் சாரம். இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. ஊழியம் கடவுளின் தன்மை என்றால், அதைச் சமூகத்தின் ஒரு பிரிவினர் தலையில் மட்டும் சுமத்த எவருக்கும் உரிமையில்லை.

காயத்தோடு ஊழியம் செய்தவர்கள்

காயப்பட்டவர்கள் ஊழியம் செய்யக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. வரலாறு நேர்மாறாக இருக்கிறது. இந்தியாவில் கிறிஸ்தவம் ஒடுக்கப்பட்டோரிடையே பரவியது மேலைநாட்டு மிஷனரிகளால் மட்டும் அன்று. பெயர் பதியப்படாத தலித் ஊழியர்களால்.

பதியப்பட்ட பெயர்களுள் ஒன்று தித். இன்றைய பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் பகுதியைச் சேர்ந்தவர், சூஹ்ரா சாதியினர், தோல் வாங்கி விற்பவர், கால் ஊனமுற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1873இல் ஞானஸ்நானம் பெற வந்தபோது மிஷனரி தயங்கினார். பெற்ற பின் மிஷன் வளாகத்தின் பாதுகாப்பில் தங்காமல் தன் ஊருக்கே திரும்பினார் தித். உறவினர்கள் ஏசினர், ஒதுக்கினர். அவர் தோல் வணிகத்தை விடவில்லை. அதற்காக ஊர் ஊராகச் சென்றபோதே தன் நம்பிக்கையையும் பேசினார். சில மாதங்களில் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் சியால்கோட்டுக்கு நடந்தார். பஞ்சாபில் பெருந்திரளான மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்த இயக்கம் அங்கே தொடங்கியது.

தெற்கே மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் இன்னொருவர். திருவிதாங்கூரில் பறையர் என்பதால் சாலையிலும் சந்தையிலும் ஒதுக்கப்பட்டவர். தஞ்சையில் கிறிஸ்தவம் தழுவி ஊர் திரும்பி, தன் மக்களிடையே பணியாற்றினார். மிஷனரி ரிங்கல்தௌபேயை அங்கு வரவழைத்தார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

இவர்களை ஊழியத்துக்கு யாரும் விரட்டவில்லை, அவர்களே சென்றார்கள். ஆனால் தித்தின் வழிவந்த சமூகத்தினர் பலர் இன்றும் பாகிஸ்தான் நகரங்களில் சாக்கடை அள்ளும் வேலையில் இருக்கிறார்கள். அவ்வேலைகளுக்கான விளம்பரங்களில் முஸ்லிம் அல்லாதோர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று குறிப்பிடப்பட்டதும் உண்டு. தித் செய்தது ஊழியம். அந்த விளம்பரம் கேட்பது அடிமை வேலை. இரண்டிலும் மனிதர் குனிகிறார் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

சுவர்களின் சாட்சியம்

திருச்சபைக்குள் சாதி இருப்பது வெளியார் சுமத்தும் பழி அன்று. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுப்பப்பட்ட தேவாலயம், பீடத்தில் கூடி இரண்டாகப் பிரியும் கால்சட்டை வடிவில் கட்டப்பட்டது. ஒரு பிரிவில் வேளாளர், மறு பிரிவில் நாடார் முதலான பிற சாதியினர். 1910இல் குருவானவர் கௌசானல் இடைச்சுவரை இடித்தார். சுவரை மீண்டும் எழுப்பக் கோரி ஆதிக்கப் பிரிவினர் நீதிமன்றம் சென்றனர். 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே' எனப்படும் அவ்வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது. கிறிஸ்தவர் ஒருவர் சாதியின் பெயரால் ஆலயத்துக்குள் தனி இடம் கேட்க முடியாது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் தந்த விடை.

விடை கிடைத்தும் சுவர்கள் விழவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்துவைத்த சுவரை எதிர்த்துப் பலமுறை போராட்டங்கள் நடந்தன. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கோரியதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். கிறிஸ்தவர்களிடையே சாதி வேறுபாட்டின் சாயல்கூட இருத்தலாகாது என்று 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். இவை பாராட்டத்தக்கவை. ஆனால் செம்பை ஏந்திய உபதேசியாரின் பங்குக்கு அந்த ஆவணம் இன்னும் போய்ச் சேரவில்லை.

சட்டம் எங்கே கைவிடுகிறது, எங்கே கைகொடுக்கிறது

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை.

இதன் விளைவை இரு வழக்குகள் காட்டுகின்றன. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவருக்கு, அதே தொழில் செய்த பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை மறுக்கப்பட்டது. அவர் கிறிஸ்தவர் என்பதே காரணம். மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அடுத்தது 2025 ஏப்ரலில் வந்தது. சாதியின் பெயரால் தாக்கப்பட்டதாகப் புகார் அளித்த தலித் போதகர் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராகிவிட்டவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் போதகராகப் பணியாற்றியதே அவருக்கு எதிரான சான்றாயிற்று. ஊழியம் செய்தமைக்கு ஒருவர் செலுத்திய விலை இது.

எனினும் பலரும் மறந்துவிட்ட ஒரு சட்டம் உண்டு. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கும்போது மதம் எதையும் குறிப்பிடவில்லை. அதை நடைமுறைப்படுத்தும் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 'எந்த ஒரு நபரையும்' காக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தீண்டாமையின் பேரில் வழிபாட்டிலிருந்து ஒருவரை விலக்குவது மூன்றாம் பிரிவின்படி குற்றம். கல்லறையைப் பயன்படுத்துவதையும் சமயச் சடங்கிலோ ஊர்வலத்திலோ பங்கேற்பதையும் தடுப்பது நான்காம் பிரிவின்படி குற்றம். தீண்டாமையின் பேரில் ஒருவரைப் பெருக்குதல், செத்த விலங்கை அகற்றுதல் போன்ற வேலைகளுக்குக் கட்டாயப்படுத்துவது 7ஏ பிரிவின்படி மூன்று முதல் ஆறு மாதம் வரை சிறைக்குரியது. அடிமை வேலைக்கும் ஊழியத்துக்கும் இடையிலான கோட்டை இந்தப் பிரிவு 'கட்டாயம்' என்ற சொல்லால் வரைகிறது.

ஒரு குறை உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், செயல் தீண்டாமையின் பேரில் நிகழ்ந்தது என்று 12ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். தலித் கிறிஸ்தவருக்கு அந்த அனுமானம் கிடைக்காது. அவர் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே சான்றுகளைச் சேர்த்துவைப்பது முக்கியம். வரி வாங்க மறுத்த பங்கின் வரிப் புத்தகம், திருவிழாப் பொறுப்புகளின் பட்டியல், கல்லறைத் தோட்டத்தின் நிழற்படம், ஆயருக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படியும் அஞ்சல் ஒப்புகையும் ஆகிய ஒவ்வொன்றும் நாளை நீதிமன்றத்தில் பேசும்.

மன்னிப்பும் உரிமையும்

'கிறிஸ்தவன் வழக்காடலாமா, மன்னிக்க வேண்டாமா' என்ற கேள்வி எப்போதும் காயப்பட்டவரிடமே கேட்கப்படுகிறது. மன்னிப்பு காயப்பட்டவரின் உடைமை. அவர் மனமுவந்து தரலாம். காயப்படுத்தியவரோ அவர்சார்பில் பிறரோ அதைக் கடன்போல் வசூலிக்க முடியாது. மன்னித்துவிட்டதால் இடைச்சுவர் தானாக இடிந்துவிடவும் செய்யாது. மனத்தில் பகையின்றி ஊழியம் செய்துகொண்டே, கையில் மனுவோடு ஆயர் இல்லத்தின் வாசலில் நிற்கலாம். இரண்டுக்கும் முரண் இல்லை. தம் மக்களிடையே ஊழியம் செய்பவருக்கு இரண்டாவதும் ஊழியத்தின் பகுதியே.

திருச்சபைத் தலைமைகள் செய்ய வேண்டியவை சில. கால் கழுவும் சடங்கிற்கும் பங்குப் பேரவைக்கும் எல்லாத் தெருவினரையும் சுழற்சிமுறையில் அழைப்பதை எழுத்துவடிவ விதியாக்க வேண்டும். உபதேசியாருக்கும் ஆலயப் பணியாளருக்கும் பணி ஆணையும் உரிய ஊதியமும் தர வேண்டும். கல்லறைச் சுவர்களை நீதிமன்றம் சொல்லும்வரை காத்திராமல் அகற்ற வேண்டும். தாழ்மை உயரத்தில் இருப்பவரின் கடமை என்றால், அதைத் தொடங்க வேண்டியவர்கள் அவர்களே.

அந்த உபதேசியார் வழக்குத் தொடுக்கவில்லை. ஆயருக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதினோம். மறு ஆண்டு பெரிய வியாழனுக்கு முன் செம்பைப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆள் வந்தது. "போன வருஷம் நான் பிடிச்சேன். இந்த வருஷம் நாற்காலியில இருக்கிறவங்கள்ல ஒருத்தர் பிடிக்கட்டும், நான் உட்காருறேன்" என்று சொல்லியனுப்பினார். அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. அன்று மக்களோடு மக்களாகத் தரையில் அமர்ந்து வழிபாட்டில் கலந்துகொண்டார். மறுநாள் வழக்கம்போல் நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகத் தொலைபேசியில் சொன்னார்.